கடல் பார்க்கப் போகலாமா? லண்டனிலிருந்து இரண்டு கோடைகள்

2020 மே 13ஆம் திகதி, இங்கிலாந்தில் வசிப்பவர்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் காரில் போய்த் திறந்த வெளியில் பொழுதைக் கழிக்கலாம் என்று கொரோனா முடக்கத்தில் ஒரு தளர்வு நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு ஏழு வாரங்களாக நாங்கள் நால்வரும் கிழக்கு லண்டனில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், பூந்தோட்டமோ ஒரு கதிரை போடக்கூடிய மாடமோ இல்லாத வீட்டில் அடைந்து கிடந்தோம். மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்கு ஒன்பது. நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அந்த ஏப்ரலில் மட்டும் எங்கள் இல்லத்தில் ஒன்பது பேரை இழந்திருந்தோம். அவர்களில் ஒருவரைக் கூட அவருடைய பிள்ளைகள் கடைசியாகத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்படி ஒரு மாதத்துக்குப் பிறகு "கடலுக்குப் போவோமா, அம்மா?" என்று மகள் கேட்டபோது, அது ஏதோ உல்லாசத்துக்கான கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை, மூச்சு விடலாமா என்று கேட்பது போலவே இருந்தது.

எங்களுக்குக் கடல் என்றால் அது என் மாமி, அதாவது கணவரின் தாய், இருக்கும் ஊர்க் கடல். கென்ட் கரையில் ஒரு சிறு நகரத்தில் என் கணவரின் தங்கையும் அவருடைய கணவரும் கடை நடத்துகிறார்கள்; கடைக்கு மேலேயே வீடு. அப்போது எழுபத்துநான்கு வயதான மாமி அவர்களுடன் இருக்கிறார். கடுமையான தொய்வு நோய் (ஆஸ்துமா) இருப்பதால், வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம் என்று அரசாங்கம் கடிதம் அனுப்பியிருந்தவர்களில் அவரும் ஒருவர். பிப்ரவரிக்குப் பிறகு நாங்கள் அவரைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தோம்.

தளர்வு வந்த அன்றே மச்சாளை, அந்தக் கணவரின் தங்கையை, அழைத்தேன். "வாங்கோ எண்டு சொல்லத்தான் ஆசை, அண்ணி. ஆனால் இப்ப வராதேங்கோ. கடற்கரையில ஒரு மலசலகூடமும் இன்னும் திறக்கேல்லை" என்றார். அவருடைய கடைக்கு வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பதும், கோடை விற்பனைதான் குளிர்காலத்தைக் கொண்டு செலுத்துகிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் வரவேண்டாம் என்று சொன்னவரின் சொல்லை நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வாரங்கள் கேட்டேன். மே 31ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வெயில் கொளுத்திய நாளில், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

வழமையாக இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரும் பாதையில் மூன்றரை மணித்தியாலம் ஆனது. நகரத்துக்குள் நுழைந்த பிறகு வாகனத் தரிப்பிடம் தேடியே முக்கால் மணித்தியாலம் போனது. நடைபாதைகளின் மேல், வீட்டு வாசல்களின் குறுக்கே, பேருந்து நிற்கும் இடத்தில் என்று எங்கும் கார்கள். இடம் கிடைத்த நேரத்தில் மகளுக்கு மலசலகூடம் தேவைப்பட்டது. பொதுக் கழிப்பறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. உணவகங்கள் பொதி கட்டிக் கொடுத்தனவே தவிர எவரையும் உள்ளே விடவில்லை. ஒன்பது வயதுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடற்கரைக் குடில்களின் பின்புறம் ஒதுக்கிடம் தேடிப் போனேன். எனக்கு முன்னே பலர் அதே இடத்தைத் தேடிப் போயிருந்தார்கள் என்பதை மணமே சொன்னது. அந்த ஒழுங்கையின் கடைசியில் வயதான ஆங்கிலேய மாது ஒருவர் வாளியும் கிருமிநாசினியும் வைத்துக்கொண்டு தன் பின்வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த துடைப்பத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் விலகிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அவர் வயதை ஒத்தவர்களைத்தான் நான் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறேன். அவர்களுக்கு நோய் வரக்கூடாது என்று கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் இன்னொரு முதியவரின் வாசலுக்கு நானே ஒரு தொல்லையாகிப் போயிருந்தேன்.

மணலில் கால் வைக்காமலே திரும்பினோம். போகும் வழியில் கடைக்கு முன்னால் நின்று மேலே பார்த்தோம். மாமி ஜன்னலைத் திறந்து, கயிறு கட்டிய துணிப்பை ஒன்றைக் கீழே இறக்கினார். உள்ளே அவர் சுட்ட தட்டை வடை. பருத்தித்துறைப் பெண்களின் கைக்கே வரும் பதம். கிள்ளினால் நொறுங்க வேண்டும், வாயில் மிளகாயும் பெருஞ்சீரகமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மகள் "அப்பம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலை நோக்கி ஓடப் பார்த்தாள், மகன் அவளுடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினான். நாங்கள் அவர்களுடன் நின்று கதைத்தது மொத்தம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஏழு மணித்தியாலம் காரில் இருந்ததை நான் நட்டமாக எண்ணவில்லை. ஆனால் அதற்கு வெயிலடிக்கும் ஞாயிறு தேவைப்பட்டிருக்கவில்லை. மழை பெய்யும் ஒரு புதன்கிழமையே போதுமாயிருந்தது.

அன்று நான் கற்றுக்கொண்ட முதற்பாடம் இதுதான். அரசாங்கம் தளர்த்தியது பயணத்தை மட்டுமே. வருகிறவர்களை ஏற்பதற்கு அந்த ஊரில் எது தயார், எது இல்லை என்பதைத் தளர்வு அறிவிப்பில் தேடிப் பயனில்லை. வேல்சும் ஸ்கொட்லாந்தும் அந்த மே மாதத்தில் பயணத் தடையை நீக்கவே இல்லை. இங்கிலாந்துக்குள்ளேயே பல கரையோர நகரசபைகள் தயவுசெய்து இப்போது வரவேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டன. போகலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் செய்தி அறிக்கையைக் கேட்டுவிட்டு அந்த ஊர்ச் சபையின் இணையத்தளத்தையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கழிப்பறைகள் எந்த மணிக்குத் திறக்கும், தரிப்பிடங்களில் எவை மூடியிருக்கின்றன, உயிர்காப்பாளர்கள் எந்தக் கரையில் நிற்கிறார்கள் என்ற மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மூன்றரை வாரம் கழித்து, ஜூன் 25ஆம் திகதி, பூர்ன்மத் நகரம் தொலைக்காட்சியில் வந்தது. கட்டுக்கடங்காத கூட்டத்தால் அங்குள்ள சபை அதைப் பெரும் அவசரநிலையாக அறிவித்தது. ஒரே நாளில் 558 வாகனங்களுக்குத் தண்டச்சீட்டு எழுதப்பட்டது. கரையிலிருந்து 33 தொன் குப்பை அள்ளப்பட்டது. அந்தக் காட்சியைப் பார்த்துப் பலர் அங்கே போனவர்களைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. வீட்டுக்குள் மூன்று மாதம் வெந்தவர்கள் தண்ணீரைத் தேடிப் போனார்கள். தோட்டமுள்ள வீட்டில் இருந்துகொண்டு அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வது எளிது. அவர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே இடத்துக்குப் போனதுதான் பிழை. கூட்டம் சேரும் என்று தெரிந்த நாளில் போகாதிருப்பது, தன்னால் வேறு நாளில் போக முடிந்தவரின் கடமை. எங்களால் முடிந்தது. பிள்ளைகள் இருவரின் வகுப்புகளும் செப்டெம்பர் வரை திறக்கவில்லை. என் வேலையும் முறைமாற்று வேலை. கிழமை நாட்கள் எங்களுக்குச் சும்மா கிடந்தன.

உயிர்காப்பாளர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களாகிய எங்களுக்கு அது ஆறாத காயம். 2016 ஆகஸ்ட் 24ஆம் திகதி, சசெக்ஸ் கரையில் உள்ள கம்பர் சாண்ட்ஸ் என்ற கடற்கரையில், தென்கிழக்கு லண்டனிலிருந்து ஒருநாள் பொழுதைக் கழிக்கப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோடை மாதங்களில் அங்கே அவர்கள் பணிக்கு அமர்த்தப்பட்டார்கள். அந்தக் கிழமை எங்கள் கோயிலிலும் கடைகளிலும் வேறு பேச்சு இல்லை. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்ப மாட்டோம் என்று எத்தனையோ தாய்மார் சத்தியம் செய்தார்கள். சத்தியம் ஒரு கோடைக்கு மேல் நிற்காது. கடலைப் பற்றிய அறிவு நிற்கும்.

இலங்கையின் வடக்கே எங்கள் ஊர்க் கடலில் வற்றுப்பெருக்கு, அதாவது தண்ணீர் நிறைவதற்கும் வற்றுவதற்கும் உள்ள உயர வேறுபாடு, ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையில் நிற்கிற கல் காலையிலும் நிற்கும், மாலையிலும் நிற்கும். தண்ணீர் அதன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போகும். கென்ட் கரையில் அதே வேறுபாடு நான்கு மீற்றருக்கும் மேல் போகும். கம்பர் சாண்ட்ஸ் போன்ற தட்டையான மணற்கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிட்டு, திரும்பும்போது நேரே முன்னால் இருந்து மட்டும் வராது; மணல் திட்டுகளுக்கும் கரைக்கும் இடையிலுள்ள தாழ்வுகளை முதலில் நிரப்பும். திட்டில் நிற்பவருக்கு முன்னால் கடல் இன்னும் தூரத்தில் இருப்பது போலவே தெரியும். பின்னால் திரும்பிப் பார்த்தால் கரைக்கும் அவருக்கும் நடுவே ஆறு ஓடும். பனைமர நிழலில் கடலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் தெரியும் என்ற நம்பிக்கையே இங்கே ஆபத்து. இந்தக் கடலை நாங்கள் புதிதாகப் படிக்க வேண்டும்.

2020 கோடையில் இந்த ஆபத்து இரட்டிப்பானது. ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் உயிர்காப்புப் படகு நிறுவனம் அரசுத் திணைக்களம் அல்ல. 1824இல் தொடங்கிய, மக்கள் நன்கொடையில் இயங்கும் தொண்டு அமைப்பு. வழமையாக ஏறத்தாழ 240 கரைகளில் உயிர்காப்பாளர்களை நிறுத்தும் அந்த அமைப்பு, பெருந்தொற்றினால் ஏறத்தாழ 70 கரைகளில் மட்டுமே நிறுத்த முடியும் என்று முதலில் அறிவித்தது. பிறகு படிப்படியாகக் கூட்டியது. நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள்தான், டோர்செட் கரையிலுள்ள டர்டில் டோர் என்ற பாறை வளைவின் மேலிருந்து கடலில் குதித்து மூன்று பேர் கடுமையாகக் காயமடைந்து, மீட்பு ஹெலிகொப்டர்கள் இறங்குவதற்காகக் கரையிலிருந்த கூட்டம் முழுவதையும் ஒதுக்க வேண்டி வந்தது.

ஆகவே எங்கள் வீட்டில் சில விதிகள் வைத்தோம், இன்றும் வைத்திருக்கிறோம். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் தண்ணீரில் இறங்குவது. கொடி இல்லையென்றால் முழங்காலுக்கு மேல் இல்லை. சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் கடலைப் பார்ப்பதோடு சரி. மே மாதத்தில் வெயில் எவ்வளவு அடித்தாலும் கடல் குளிர்காலக் குளிரை இன்னும் இழந்திருக்காது. திடீரென்று விழுந்தால் உடம்பு அதிர்ந்து மூச்சு தானாக வாங்கும், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகும். அப்போது நீந்த முயலாமல், மல்லாந்து, கைகால்களை விரித்து, மூச்சு அடங்கும்வரை மிதக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உள்ளூர் நீச்சல் குளம் மீண்டும் திறந்ததும் பழக்கினோம். எவராவது தத்தளித்தால் பின்னால் பாயக்கூடாது; 999ஐ அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேட்க வேண்டும், மிதக்கக்கூடிய எதையாவது எறிய வேண்டும். கம்பர் சாண்ட்ஸில் அந்த ஐந்து பேர் இறந்த 2016 கோடையில், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் மூழ்கிய ஓர் இளைஞனைக் காப்பாற்றப் போனவரும் உயிரிழந்தார்.

இரண்டாம் முறை ஜூலை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். ஜூலை 4ஆம் திகதி உணவகங்களும் விடுதிகளும் திறந்துவிட்டன. ஜூலை 6ஆம் திகதியிலிருந்து மாமியைப் போன்றவர்களும் வெளியில் ஆறு பேர் வரை சந்திக்கலாம் என்று விட்டார்கள். நாங்கள் நால்வர், மாமி, மச்சாள்: கணக்கு ஆறுக்குச் சரியாக இருந்தது. மச்சாளின் கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார். இந்த முறை வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தைத் தெரிவு செய்திருந்தோம். கூட்டமுள்ள காலத்தில் இதனால் இரண்டு நன்மைகள். பெருகும் தண்ணீர் பிள்ளைகளைச் சூழ்ந்துகொள்ளும் ஆபத்துக் குறைவு; அதோடு, தண்ணீர் வற்ற வற்ற மணல் அகலும், ஆட்களுக்கிடையே இடைவெளி தானாகக் கிடைக்கும். பெருக்கு உச்சத்தில் இருக்கும்போது அதே கரை ஒரு கீற்றாகச் சுருங்கி, எல்லோரையும் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கிவிடும். ஒருநாளில் இரண்டு முறை நிறைந்து இரண்டு முறை வற்றும் கடல், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். இதைத் தெரிந்துகொண்டால் எந்த நாள் காலையில் போவது, எந்த நாள் பின்னேரம் போவது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

அன்றைக்கு நான் புளிச்சோறும் கோழிப் பொரியலும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கோப்பை, கரண்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எங்களுடையவை. எவர் கடைக்குள்ளும் போகாமல், எதையும் தொடாமல் திரும்பினால் ஊருக்கு நல்லது என்று நினைத்தேன். மச்சாள் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, குறை நினைக்காதேங்கோ. எல்லாரும் இப்பிடித்தான் கட்டிக்கொண்டு வருகினம். குப்பையை மட்டும் விட்டிட்டுப் போகினம். இந்த ஊருக்கு மிச்சம் என்ன?"

நான் அதை அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்ததில்லை. கரையோர நகரங்களில் வருடத்தின் வருமானம் ஈஸ்டரிலிருந்து செப்டெம்பர் வரைக்குள் வந்துவிட வேண்டும். 2020இல் ஈஸ்டர் இல்லை, மே விடுமுறைகள் இல்லை. வந்த ஆட்கள் தரிப்பிடத்தையும் கழிப்பறையையும் குப்பைத் தொட்டியையும் பாவித்தார்கள். பணத்தைப் புறப்பட்ட இடத்துப் பல்பொருள் அங்காடியில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் பாதிச் சமையலோடு மட்டும் போகிறோம். மீதியை அங்கே வாங்குகிறோம்: வெளியில் வரிசையில் நின்று வாங்கக்கூடிய மீனும் சிப்ஸும், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், திரும்பும்போது யாராவது சிறு கடைக்காரரிடம் பாணும் பாலும். குப்பை முழுவதும் எங்கள் காரிலேயே லண்டனுக்குத் திரும்பி வரும். போவதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்கு இதையும் சொல்வேன்: அந்த ஊருக்குச் சுமையாக மட்டும் போவதாயிருந்தால் போகாமலிருப்பதே நல்லது, வாங்கிச் செலவழித்து, இரவு தங்க முடிந்தால் தங்கி, அங்குள்ளவர்களுக்கு ஒரு நல்ல நாளைக் கொடுக்கிற விதமாகப் போவதாயிருந்தால் அந்த வருடத்தில் அதுவே பெரிய உதவி.

நோய்த்தொற்று என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடற்கரையில் கூட்டமாக இருக்கும் படங்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பயந்தோம். ஆனால் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தொற்றுநோயியல் பேராசிரியர் மார்க் வுல்ஹவுஸ், 2021 பிப்ரவரியில் பாராளுமன்றக் குழுவின் முன், கடற்கரைக் கூட்டங்களோடு தொடர்புபட்ட தொற்றுப் பரவல் எதுவும் பதிவாகவில்லை என்று தெளிவாகச் சொன்னார். காற்றோட்டமுள்ள திறந்த வெளி அவ்வளவு பாதுகாப்பு. மணலுக்குப் போய்ச் சேரும் வழியும் மணலிலிருந்து எழுந்த பிறகு நுழையும் அறைகளுமே கவலைக்குரியவை: நெருக்கமான ரயில் பெட்டி, கழிப்பறை வரிசை, மழை வந்ததும் எல்லோரும் ஓடிப் புகும் மதுச்சாலை, விளையாட்டு இயந்திரக் கூடம். ஆகவே நாங்கள் சொந்தக் காரில், எங்கள் வீட்டார் மட்டும் போனோம். மழை வந்தபோது காருக்குள் இருந்தோம். மாமியைத் திறந்த வெளியில் மட்டும் சந்தித்தோம். அந்த ஜூலையிலிருந்து எங்கள் முதியோர் இல்லத்தில் ஊழியர்களுக்கு வாரம் ஒருமுறை பரிசோதனை தொடங்கியது. என் பரிசோதனை முடிவு வந்த பின்னர் போவது, திரும்பிய பின் அடுத்த பரிசோதனை வரை முகக்கவசத்தில் இன்னும் கவனமாயிருப்பது என்று பழகிக்கொண்டேன். நோயை அந்த ஊருக்குக் கொண்டுபோகக்கூடாது என்பதில் இருக்கும் அக்கறை, அங்கிருந்து என் முதியவர்களுக்குக் கொண்டுவரக்கூடாது என்பதிலும் இருக்க வேண்டும்.

அந்த இலையுதிர்காலத்தில் கென்ட் கரை பட்ட பாடு எங்களை உலுக்கிவிட்டது. நவம்பர் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே மிக உயர்ந்த தொற்று விகிதம் கென்டின் ஸ்வேல் பகுதியில் இருந்தது. தனட் பகுதியும் அதற்கு நெருக்கமாக நின்றது. பின்னர் அல்பா என்று பெயரிடப்பட்ட திரிபு, செப்டெம்பரில் கென்டில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் முதன்முதலாகக் காணப்பட்டது என்பது பிறகு தெரியவந்தது. கோடையில் வந்த எங்களைப் போன்றவர்களால் அது வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த நகரங்களில் நோய் வந்தால் தாங்கும் பலம் குறைவு என்பதற்கு ஆதாரம் உண்டு. 2021 ஜூலையில் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விற்றி தன் ஆண்டறிக்கை முழுவதையும் கரையோரச் சமூகங்களின் உடல்நலத்துக்கே ஒதுக்கினார். ஓய்வுபெற்றவர்கள் அங்கே குடியேறுவதால் முதியோர் அதிகம். பழைய விடுதிகள் மலிவு வாடகை அறைகளாக மாறியதால் வறியவர்களும் அதிகம். மருத்துவர்களும் தாதியரும் அங்கே போய் வேலை செய்ய முன்வருவது குறைவு. ஒருபக்கம் கடல் என்பதால், பக்கத்து ஊர் மருத்துவமனை என்று ஓட நான்கு திசை இல்லை. இதைப் படித்தபோது, பின்வாசலைக் கழுவிக்கொண்டிருந்த அந்த மாது ஏன் ஒன்றும் சொல்லாமல் நின்றார் என்று எனக்கு இன்னும் கொஞ்சம் விளங்கியது.

பணவிடயத்தில் ஒரு பாடம், சுருக்கமாக. 2020 கிறிஸ்மஸ் கிழமைக்கு மாமியின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டை முற்பணம் கட்டி எடுத்திருந்தோம். டிசம்பர் 20ஆம் திகதி லண்டனும் கென்டும் நான்காம் அடுக்குக் கட்டுப்பாட்டுக்குள் போனதும் பயணம் நின்றது. வீட்டை வாடகைக்கு விட்டவர் பணத்துக்குப் பதிலாக வேறு திகதிதான் தருவேன் என்று நின்றார். கட்டுப்பாட்டுச் சட்டத்தால் சேவையைப் பெற முடியாமற்போனால் முழுப்பணமும் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதே தன் நிலைப்பாடு என்று போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2020 ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. மகன் அதைத் தேடி எடுத்து எழுதிய மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, மார்ச் மாதத்தில் பணம் வந்தது. முற்பணம் கட்டுமுன் இரத்து விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கடனட்டையில் கட்டுங்கள்.

2021இல் நிலைமை மாறியது. மார்ச் 29இல் வீட்டிலிருக்கும் கட்டளை நீங்கியது. ஏப்ரல் 12இல் ஒரே குடும்பத்தார் தனி வீடெடுத்துத் தங்கலாம் என்றானது. மே 17இல் விடுதிகள் திறந்தன, நெருங்கியவர்கள் கட்டியணைப்பதும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. மாமிக்கு இரண்டு தடுப்பூசிகளும் போட்டாயிற்று, எனக்கும் போட்டாயிற்று. வெளிநாடு போவது கடினமாக இருந்ததால் நாடு முழுவதும் உள்ளூர்க் கரைகளுக்கே திரும்பியது. அறை வாடகை ஏறியது. ஆகஸ்டில் கோர்ன்வோல் பகுதியில் தொற்று ஏறியபோது, தங்குமிடம் ஒழுங்கு செய்யாதவர்கள் வரவேண்டாம் என்று அங்குள்ள சுற்றுலா அமைப்பே கேட்டுக்கொண்டது. ஆகவே தடுப்பூசி வந்ததும் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைத்த உடனடிப் பரிசோதனையைப் புறப்படும் காலையில் நால்வரும் செய்துகொண்டோம். ஒரு கோடு மட்டும் தெரிந்தால்தான் கார் கிளம்பும்.

ஜூன் மாதப் பறுவத்தன்று, முழுநிலா நாளில், பாடசாலை முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனோம். மகன் தொலைபேசியில் அட்டவணையை எடுத்து, எத்தனை மணிக்குத் தண்ணீர் அடிவற்றும் என்று தேடிக்கொண்டிருந்தான். மாமி அவனைப் பார்த்துச் சிரித்தார். கடைக்கு மேலுள்ள அவருடைய அறை ஜன்னலிலிருந்து, இரண்டு கூரைகளுக்கு நடுவே, ஒரு கையகலக் கடல் தெரியும். வெளியே வராமல் இருந்த மாதங்கள் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கீற்றைத்தான்.

"பறுவத்தண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் நிறையும், தம்பி. விளக்கு வைக்கிற நேரம் நல்லா வத்தியிருக்கும். அமாவாசைக்கும் அப்பிடித்தான்" என்றார்.

மகன் திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஏழு மணி என்று போட்டிருந்தது. மாமி செருப்பைக் கழற்றி மகளின் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஈரமணலில் இறங்கினார்.

"தண்ணி திரும்புறதுக்கு முதல் நான் சொல்லுவன். அப்ப எல்லாரும் ஏறிவிட வேணும், என்ன?"

பிள்ளைகள் தலையாட்டினார்கள்.